அம்மா பார்த்த ரொட்டிக்கடை

மூன்றாவது இடத்துக்கு எதைப் போடுவது என்று முக்கால் மணி நேரமாக முட்டிக்கொண்டிருந்தேன். டிசம்பர் மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை. எங்கள் டெலிகிராம் குழுவில் எல்லோரும் அந்த வருடம் பார்த்ததில் பிடித்த அனிமே தொடர்களையும் படங்களையும் வரிசைப்படுத்திப் போட்டுவிட்டார்கள். ராகேஷ் என்று ஒருவன், நான் நேரில் பார்த்ததே இல்லை, "பவ்யா, உன் லிஸ்ட் எங்கே?" என்று காலையிலிருந்து மூன்று முறை கேட்டுவிட்டான். முதல் இரண்டு முடிவாகியிருந்தன. மூன்றாவதில் ஒன்றை ஏற்றுவேன், நான்காவதைப் பார்ப்பேன், இரண்டையும் மாற்றிப் போடுவேன், எழுந்துபோய்த் தண்ணீர் குடிப்பேன், வந்து உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே மறுபடி மாற்றுவேன். காதில் ஹெட்போன் இருந்தது. அம்மா வந்து மேசைக்குப் பக்கத்தில் நின்றாள். வெளியே போகிற ஊதாப் புடவை. தோளில் ஜிப் வைத்த பெரிய பை. ஏதோ சொன்னாள். உதடு அசைவதைப் பார்த்தேன். கடைக்குப் போகிறாள் என்று நினைத்து, கட்டை விரலை உயர்த்திக் காட்டினேன். அம்மா அந்த விரலை ஒரு நொடி பார்த்தாள். பிறகு போய்விட்டாள்.

கள்ளிக்குப்பத்தில் எங்கள் வீடு முதல் மாடியில் இரண்டு அறை. அப்பா தங்கராஜ், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிரஸ் ஷாப்பில் முப்பத்தோரு வருடம் மிஷின் இரைச்சலுக்குள் தகடு அடித்தவர். ஓய்வு பெற்றபோது மோதிரம் கொடுத்தார்கள், சால்வை போட்டார்கள். காது மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. காதுக்குக் கருவி வாங்கினோம். அதை மாட்டினால் பாத்திரம் விழுகிற சத்தமும் பைக் சத்தமும் மண்டையில் இடிப்பதாகவும், பேச்சு மட்டும் கேட்பதில்லை என்றும் சொல்லி, கழற்றி டப்பாவோடு பீரோவில் வைத்துவிட்டார். டிவி பார்ப்பதை நிறுத்தினார். "சும்மா வாயத் தொறந்து மூடினு கீறானுங்க" என்பார். வாசலுக்கும் பால்கனிக்கும் நடந்துகொண்டே இருப்பார்.

போன ஜனவரியில் ஒரு சாயங்காலம் என் அறைக்கு வந்து நின்றார். லேப்டாப்பில் நான் பார்த்துக்கொண்டிருந்ததைப் பின்னாலிருந்து பார்த்தார். கீழே ஓடிய எழுத்தைக் காட்டி, "இது இன்னா பாஷை பேசுறானுங்க?" என்று கேட்டார். அவரோடு பேசுவதற்கென்று வைத்திருக்கும் அட்டையில் ஜப்பான் என்று எழுதிக் காட்டினேன். "உனுக்குப் புரியுமா?" புரியாது என்று தலையாட்டினேன். "நீயும் படிச்சித்தான் பாக்குறியா?" ஆமாம் என்று தலையசைத்தேன். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் ரொம்ப நாளாகப் பார்த்திருக்கவில்லை. "அப்ப நீயும் நானும் ஒண்ணு" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அப்பாவின் இங்கிலீஷ் போல்ட் சைஸோடு நின்றுவிடும். அதனால் அந்த வரிகளை நானே தமிழில் மாற்றி, அவர் படிக்கிற வேகத்துக்காக ஒவ்வொரு வரிக்கும் இரண்டு நொடி கூட்டி வைக்க ஆரம்பித்தேன். வேலை முடிந்ததும் அதுதான் வேலை. இரண்டு வருடமாகக் கஸ்டமர் சப்போர்ட்டில் இருக்கிறேன். அதை விட்டுவிடப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே விடாமல் இருக்கிறேன். ஜெர்மன் வகுப்பில் சேர்ந்து பாதியில் நின்றேன், ஸ்கூட்டி பழகிப் பாதியில் நின்றேன். அந்த வருடம் நான் கடைசிவரை கொண்டுபோய் முடித்தவை ஒன்பது தொடர்களும் நாலு படங்களும்தான். எல்லாவற்றுக்கும் அப்பா தனியாகப் பெயர் வைப்பார். விண்வெளியில் ஐஸ் கட்டி ஏற்றிக்கொண்டு கிரகம் கிரகமாகப் போகிறவர்களின் தொடர் அவருக்கு "தண்ணி லாரி". அதில் ஒரு பெண் கப்பலுக்கு வெளியே தொங்கிக்கொண்டு போல்ட்டை முறுக்குகிற காட்சியை நாலு முறை போடச் சொன்னார். "வரைஞ்சவன் ஷாப்ல வேலை செஞ்சிகிறான். தோள்பட்டைய பாரு" என்றார். புயலில் மூன்று நாள் கரைக்குத் திரும்ப முடியாமல் நிற்கிற பயணிகளின் படம், "படகு". கடலோர ஊரில் ஒரு பேக்கரியில் வேலை செய்கிற, யாரிடமும் பேசாத பெண்ணின் கதை, "ரொட்டிக்கடை". என் பட்டியலில் முதலிடம் ரொட்டிக்கடைக்கு. அப்பாவுக்குத் தண்ணி லாரி.

அம்மா முதல் வாரம் எங்களோடு உட்கார்ந்தாள். அவள் அஞ்சாவது வரை படித்தவள். காலண்டர் தாளையும் பஸ் போர்டையும் நிதானமாகப் படிப்பாள். இந்த எழுத்து அவளுக்கு நிற்காமல் ஓடியது. "இன்னாடி சொல்றான் அவன்?" என்று கேட்டாள். சொன்னேன். "அதுக்கு இவ இன்னா சொன்னா?" சொன்னேன். மூன்றாவது முறை கேட்டபோது, முக்கியமான கட்டம், "ஷ்ஷ், படிம்மா" என்றேன். அதன் பிறகு அவள் கேட்கவில்லை. கதவு நிலையில் சாய்ந்து நின்று பூண்டு உரிப்பாள், கொஞ்சம் பார்ப்பாள், அடுப்படிக்குப் போவாள், வருவாள். எங்கள் இருவருக்கும் அவள் முதுகுப் பக்கத்தில் இருந்தாள்.

ஒன்றரை மணிக்கு அப்பா என் ஹெட்போனைத் தட்டினார். "பசிக்கிது. உங்கம்மா எங்க?" தெருவுக்கே கேட்கிற குரல். அவருக்கு அது சாதாரணக் குரல்.

அடுப்படியில் சோறு வடித்து மூடியிருந்தது. சாம்பார் பெரிய பாத்திரத்தில், இரண்டு நாளைக்கு வரும். ஃப்ரிட்ஜில் மாவு, நறுக்கிய பீன்ஸ், தயிர். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. அம்மாவுக்குப் போன் போட்டேன். ஃப்ரிட்ஜ் மேலேயே மணி அடித்தது. பாத்ரூம் மாடத்தில் அவள் பிரஷ் இல்லை. கொடியில் அவளுடைய நைட்டிகள் இல்லை. அந்த ஜிப் பை அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது. காலையில் என்ன சொன்னாள்? அந்த உதடுகளை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். ஊதாப் புடவை தெரிந்தது, பை தெரிந்தது. சொன்னது தெரியவில்லை.

கீழே ஓடினேன். கீழ் வீட்டு சிம்ரன் வாசலில் தலை காயவைத்துக்கொண்டிருந்தாள். பி.காம் கடைசி வருடம் படிக்கிற பெண்.

"அம்மாவ பார்த்தியா?"

"ஆன்ட்டி பதினோரு மணிக்கே கிளம்பிட்டாங்களே க்கா. வேப்பம்பட்டுக்கு. அஷ்ரஃப் ஆன்ட்டிக்குக் கண்ணு ஆபரேஷன்ல, கூட இருக்கப் போறாங்க. ஒரு வாரமா சொல்லினு இருந்தாங்க." துண்டை உதறிக்கொண்டிருந்த கை நின்றது. "உங்ககிட்ட சொல்லலையா?"

"சொன்னாங்க" என்றேன்.

அஷ்ரஃபுன்னிசா எங்களுக்கு அடுத்த வீட்டில் பதினேழு வருடம் இருந்தவர். அம்மாவைவிட ஏழெட்டு வயது மூத்தவர். மொட்டை மாடியில் துணி காயப்போடப் போனால் இருவரும் துணி காய்ந்தபிறகுதான் இறங்குவார்கள். ஏப்ரலில் மகன் வேப்பம்பட்டில் வீடு கட்டி அழைத்துக்கொண்டு போய்விட்டான். வீடு புகுவதற்கு எங்களையும் கூப்பிட்டார்கள். அம்மா மட்டும் போனாள். எனக்கு அன்றைக்கு ஒரு தொடரின் கடைசி இரண்டு அத்தியாயங்கள் பாக்கி இருந்தன.

மேலே போய் அட்டையில் எழுதிக் காட்டினேன். அப்பா படித்தார். திரும்பப் படித்தார். "ஏன் என்கிட்ட சொல்லல?" என்றார். நான் பதில் எழுதுவதற்குள் சட்டையை மாட்டத் தொடங்கிவிட்டார். அஷ்ரஃப் பெரியம்மாவின் போன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அவர் மகன் நம்பர் என்னிடம் இல்லை. பத்திரமாகத்தான் இருப்பாள், நாளைக்குப் போகலாம் என்று எழுதினேன். அப்பா அதைப் படிக்காமலே செருப்பைத் தேடினார். சாப்பிடவும் இல்லை. சிம்ரன் வழி சொன்னாள்: ஸ்டேஷனிலிருந்து நேர் ரோடு, தண்ணீர் டேங்க் தாண்டி இரண்டாவது தெரு, பச்சை கேட்.

அம்பத்தூர் ஸ்டேஷனில் திருவள்ளூர் வண்டிக்கு இருபது நிமிடம் இருந்தது. அப்பா பிளாட்பாரத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். நான் ராகேஷுக்குப் பதில் எழுத ஆரம்பித்து அழித்தேன். வண்டி வந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், கோயிலுக்குப் போகிறவர்கள், பட்டுப்பாவாடைக் குழந்தைகள். திருமுல்லைவாயில் தாண்டியதும் ஒரு சீட் கிடைத்து அப்பா உட்கார்ந்தார். ஆவடியில் வண்டி நின்று, மின்விசிறிச் சத்தம் மட்டும் இருந்தபோது, என் பக்கம் குனிந்து, ரகசியம் கேட்பது போலக் கையை வாயருகே வைத்துக்கொண்டு கேட்டார்:

"உங்கம்மா என்னை உட்டுட்டுப் போயிட்டாளா?"

பெட்டி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எதிரே மல்லிகைப்பூ வைத்திருந்த ஒரு அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பாவுக்கு எதுவும் தெரியவில்லை. பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உள்ளுக்குள் என்ன நினைத்துக்கொண்டு சட்டையை மாட்டினார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. சத்தமாகச் சொன்னால்தான் கேட்கும், அத்தனை பேர் நடுவே எனக்கு வாய் வரவில்லை. போனில் "இல்லப்பா, உதவிக்குத்தான் போயிருக்காங்க" என்று தட்டிக் காட்டினேன். படித்தார். போனை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். பட்டாபிராம், நெமிலிச்சேரி, திருநின்றவூர். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் எழுந்து நின்று பெயர்ப் பலகையைப் படித்துவிட்டு உட்கார்ந்தார்.

பச்சை கேட்டைக் கண்டுபிடிக்கச் சிரமம் இருக்கவில்லை. புது வீடு, பூச்சு முடிந்து வெள்ளை மட்டும் அடித்திருந்தது. கேட் கொக்கியைத் தூக்கப் போனபோது ஜன்னல் வழியாக அம்மாவின் குரல் வந்தது. என் கை அப்படியே நின்றது. அம்மா இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டே பல மாதம் ஆகியிருக்கும்.

"...தெனம் வருவான்க்கா அந்தக் கெழவன். ஒரே ஒரு ரொட்டி வாங்குவான். காசக் குடுப்பான், அவ மூஞ்சியப் பாப்பான், போயிடுவான். அவ தலையத் தூக்க மாட்டா. நானும் மொதல்ல யாரோ கெழவன்னுதான் நெனச்சேன். அப்புறம் ஒரு நாளு அவன் ஊட்டக் காட்டுறாங்க. செவுத்துல ஒரு சின்னப் பையன் போட்டோ, கீழ செருப்பு ஜோடியா வெச்சிகிது, ஆம்பள செருப்பு. அப்பதான் எனக்குப் புரிஞ்சிது. அவ இவனோட மருமவ. பையன் கடல்ல போயிட்டான். இவ அந்த ஊட்ல இருக்கப் புடிக்காம வந்து ரொட்டிக்கடைல நின்னுகிறா. கெழவன் ரொட்டிக்கா வர்றான்? அவ சாப்டாளா, உடம்பு தேறிச்சா, அத்தப் பாக்க வர்றான்."

"அவளுக்குத் தெரியுமா?" இன்னொரு குரல், தலையணைக்குள்ளிருந்து வருவது போல அமுங்கி.

"தெரியும்க்கா. தெரியாத மாதிரி கீறா. தெரிஞ்சா மாதிரி காட்டிக்கினா அவன் வர மாட்டான்ல?"

"அல்லா..." என்றது அந்தக் குரல். "அப்புறம்?"

நான் பன்னிரண்டு அத்தியாயத்துக்கும் வரி வரியாகத் தமிழ் எழுதியவள். கதை அது இல்லை. அந்தப் பெண் இசைப்பள்ளியிலிருந்து ஓடிவந்தவள், கிழவர் ஓய்வுபெற்ற பியானோ வாத்தியார், கடைசியில் அவள் மறுபடி வாசிக்கிறாள். போட்டோவில் இருப்பது சின்ன வயதில் அவரேதான். அந்தச் செருப்பு எனக்கு ஞாபகமே இல்லை.

அப்பா என்னைத் தள்ளிக்கொண்டு கேட்டைத் திறந்து உள்ளே போய்விட்டார். பின்னாலேயே ஓடினேன். கூடத்தில் கட்டில். அதில் அஷ்ரஃப் பெரியம்மா குப்புறப் படுத்திருந்தார், நெற்றிக்கும் தாடைக்கும் தலையணையை முட்டுக்கொடுத்து, முகம் தரையைப் பார்க்க. விழித்திரை பிய்ந்து ஆபரேஷன் செய்திருந்தார்கள். பத்து நாளைக்கு அப்படியே கிடக்க வேண்டுமாம். அம்மா தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, முறத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதிரே இங்கேயும் ஒரு முதுகுதான். ஆனால் இந்த முதுகு 'ம்' கொட்டியது.

அம்மா எங்களைப் பார்த்துப் பதறி எழுந்தாள். கீரை சிதறியது. "இன்னா, ரெண்டு பேரும் வந்து நிக்கிறீங்க? யாருக்கு இன்னா ஆச்சு?"

"கோச்சிகினு வந்துட்டியா?" என்றார் அப்பா. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"யாரு, தங்கராசு தம்பியா?" என்று பெரியம்மா தரையைப் பார்த்தபடியே சிரித்தார். "சரசு, உன் ஊட்டுக்காரரு திருவள்ளூருக்கே கேக்குற மாதிரி கேக்குறாரு. பதில் சொல்லு."

அம்மா கீரையைப் பொறுக்கக் குனிந்தாள். என்னைப் பார்த்தாள். "புதன்கெழம சொன்னேன். வெள்ளிக்கெழம சோறு போடுறப்ப சொன்னேன். இன்னிக்குக் கிட்ட வந்து நின்னு சொன்னேன். நீ கட்ட வெரலத் தூக்கிக் காமிச்ச."

"போனையாவது எடுத்துட்டு வந்திருக்கலாம்ல?"

"போன் எதுக்கு? இங்க பேச ஆள் கீதே."

கோபமாகச் சொல்லவில்லை. கீரையைப் பொறுக்கிக்கொண்டே, கடையில் மிளகாய் இல்லை என்று சொல்வது போலச் சொன்னாள். நாங்கள் சாப்பிடவில்லை என்று தெரிந்ததும் அடுப்படிக்குப் போனாள். பின்னாலேயே போனேன். முட்டையை உடைத்து ஊற்றியபடி நின்றவளிடம், வேறு எதைச் சொல்வது என்று தெரியாமல், "அந்த ரொட்டிக்கடை... அது அப்படி இல்லம்மா" என்றேன்.

"பின்ன எப்புடி?"

சொன்னேன். இசைப்பள்ளி, பரீட்சை, பியானோ. சொல்லச் சொல்ல அது சின்னதாகிக்கொண்டே போனது. அம்மா முட்டையைத் திருப்பிப் போட்டாள்.

"அவ்ளோதானா? அதுக்கா அப்புடி அழுதா?"

நான் அடுப்பைத் தணித்தேன்.

"உனுக்கும் உங்கப்பாவுக்கும் எழுத்து கீது. நான் மூஞ்சிய மட்டும்தான பாத்தேன். தப்பாக் கூட இருக்கும்." தட்டை எடுத்து என் கையில் கொடுத்தாள். "யாராச்சும் கேட்டா சொல்லலாம்னு ஒரு வருஷமா வெச்சினு இருந்தேன். அக்கா கேட்டாங்க. சொன்னேன்."

"தண்ணி லாரியும் தெரியுமா?"

"அது நாளைக்கு" என்றாள்.

நான் தட்டோடு அங்கேயே நின்றேன். அந்த லாரிக்காரர்கள் அவள் கதையில் யார், எங்கே போகிறார்கள், போல்ட்டை முறுக்கிய பெண் யாருடைய மகள்? கேட்டுவிட வேண்டும் என்று அடித்துக்கொண்டது. ஆனால் அது எனக்கென்று வைத்திருந்ததில்லை. கேட்கிற உரிமையை நான் என்றைக்கோ ஒரு "ஷ்ஷ்" சொல்லி விட்டுக்கொடுத்துவிட்டேன். கூடத்தில் அப்பா, பெரியம்மாவின் முதுகைப் பார்த்தபடி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் பெரியம்மாவின் மருமகள் ரைஹானா வேலையிலிருந்து வந்ததும், அம்மா எங்களை வழியனுப்ப ஸ்டேஷன் வரை வந்தாள். வழியில் நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். எப்போது வருவாய் என்று கேட்டேன். "அக்காவுக்கு எப்ப கண்ணு தெரியுதோ அப்ப" என்றாள். பத்து நாளா என்றேன். "பத்தோ, பதினஞ்சோ." கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, "மாடில ஒரு ரூம் சும்மாதான் கெடக்குதாம்" என்றாள். நான் அதை அப்பாவுக்கு எழுதிக் காட்டவில்லை.

பிளாட்பாரத்தில் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. எங்கள் வண்டிக்கு முன்னால் ஏதோ எக்ஸ்பிரஸ் நிற்காமல் போகப்போகிறது, தள்ளி நில்லுங்கள் என்று அறிவிப்பு வந்தது. அம்மா அப்பாவின் சட்டைக் கையைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தாள். அவர் திரும்பினார். அந்த நேரத்தில் எக்ஸ்பிரஸ் வந்துவிட்டது. தரை அதிர, புழுதியும் காகிதமும் எழும்ப, பெட்டி பெட்டியாக அது பக்கத்துத் தண்டவாளத்தில் பாய்ந்தது. அதன் இரைச்சலில் என் காதுக்குள் வேறு எதுவும் நுழையவில்லை.

அம்மா பேசிக்கொண்டிருந்தாள். அப்பாவின் முகத்துக்கு நேராக நின்று, ஒரு கையால் அவர் சட்டையைப் பிடித்தபடி, அவசரமில்லாமல், ஒவ்வொரு சொல்லையும் வாயில் முழுசாக உருவாக்கிப் பேசிக்கொண்டிருந்தாள். அப்பா அவள் உதட்டையே பார்த்தார். அவர் தலை இடையிடையே அசைந்தது. பிரஸ் ஷாப்பில் முப்பத்தோரு வருடம் பக்கத்து மிஷின்காரனோடு அவர் இப்படித்தான் பேசியிருப்பார் என்பது அந்த இரைச்சலுக்குள் நின்றபோது எனக்குத் தோன்றியது. அவர்களிடமிருந்து நான் இரண்டடி தூரத்தில் இருந்தேன். ஒரு சொல் கூட என்னிடம் வரவில்லை.

அப்புறம் அப்பா பேச ஆரம்பித்தார். கழுத்து நரம்பு புடைக்கவில்லை. கத்தவில்லை. உதடு மட்டும் அசைந்தது, நிற்காமல், நெடுநேரமாக. பெட்டிகள் போய்க்கொண்டே இருந்தன. ஜன்னல் வெளிச்சங்கள் அவர்கள் இருவர் மேலும் விழுந்து விழுந்து ஓடின. அம்மா பறக்கிற முந்தானையைக் கூடப் பிடிக்காமல், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.